கிளம்பியாச்சு

அந்தக் கடைக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பேர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிக்காரர்களுக்கு மட்டும்தான் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ‘கிளம்பியாச்சு’. போனை எடுத்ததும் அவர் வாயில் வருகிற முதல் வார்த்தை அதுதான். “கிளம்பியாச்சுங்க, இதோ வந்துட்டே இருக்கேன், ரெண்டே நிமிஷம்!” சொல்கிற நேரத்தில் ஆள் கடை நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருப்பார். தலையில் சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்தும் சொல்லியிருக்கிறார்.

இதைப் போய்ப் பொய் என்று சொன்னால் உலகத்தில் எவனும் தொழில் செய்ய முடியாது. தச்சரைக் கூப்பிட்டுப் பாருங்கள், குழாய் ரிப்பேர்காரரைக் கூப்பிட்டுப் பாருங்கள், எந்த மகராசன் “இன்னும் கிளம்பலைங்க” என்று சொல்லியிருக்கிறான்? கிளம்பியாச்சு என்றால் உங்களை மறக்கவில்லை என்று அர்த்தம். கேட்கிறவரும் அந்தக் குரலை வைத்து, ஆள் எங்கே இருக்கிறான், எவ்வளவு நேரமாகும், நாம் வேறு ஆளைப் பார்க்க வேண்டுமா என்று மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வார். அவரவர் பிழைப்பு இப்படித்தான் ஓடியது.

அந்தக் கணக்கில் கெட்டிக்காரி அவருடைய அக்கா. தம்பி கிளம்பியாச்சு என்று சொன்ன மறு நொடியே, “சட்டை போட்டியா?” என்று கேட்பாள். “ஃபேன் சத்தம் கேக்குதுடா. எழுந்திரு முதல்ல.” இவர் அசடு வழியச் சிரித்துக்கொண்டு எழுந்து சட்டையைத் தேடுவார். அம்மா சின்ன வயதிலேயே போய்விட, இவரைத் தூக்கி வளர்த்தவள் அவள். தம்பியின் மூச்சுச் சத்தத்தை வைத்தே அவன் நிற்கிறானா, நடக்கிறானா என்று சொல்லிவிடுவாள்.

கடை என்றால் என்ன கடை? நோயாளிகளுக்கு வேண்டிய சாமான்களை வாடகைக்கு விடுகிற கடை. சக்கர நாற்காலி, தலைப்பக்கம் தூக்குகிற இரும்புக் கட்டில், பிடித்துக்கொண்டு நடக்கிற சட்டம், படுக்கைப் புண் வராமல் இருக்கக் காற்று மெத்தை, ஆக்சிஜன் சிலிண்டர். “நல்லது நடந்து நம்ம கடைக்கு வந்தவன் எவனும் இல்லை” என்று அவரே சொல்வார். ஆரம்பத்தில் கடை இருந்தது அக்கா வீட்டு முன்னறையில். ரெண்டு சக்கர நாற்காலியும் ஒரு கட்டிலும் போட்டதும் அறை நிறைந்துவிட்டது. அக்காளும் அத்தானும் வருஷக்கணக்கில் ஒருக்களித்தே வீட்டுக்குள் போய் வந்தார்கள். அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. பிறகுதான் பெரிய தெருவில் சொந்தமாகக் கடை பிடித்தார்.

அத்தான் சிமென்ட் கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஆயுசு முழுக்க அந்தத் தூசியைத் தின்றதில் நுரையீரல் இறுகிப்போய், கடைசியில் மச்சான் கடைக்கே வாடிக்கையாளராகிவிட்டார். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு மெஷின். சுவரில் செருகினால் அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்து மூக்குக்குக் கொடுக்கும். கரண்ட் போனால் அது வெறும் பெட்டி. அப்போதைக்குப் பக்கத்தில் ஒரு சிலிண்டர் நிற்க வேண்டும். அந்தச் சிலிண்டர் காலியாவதற்குள் அடுத்தது வந்து சேர வேண்டும். அத்தான் உயிர் அந்த ஏற்பாட்டில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

“காத்துக்கும் கடை போட்டுட்டானே என் மச்சான்!” என்று இரைத்துக்கொண்டே கேலி செய்வார் அத்தான். ‘கிளம்பியாச்சு’ என்று பேர் வைத்ததும் அவர்தான்.

ஒரு தடவை கரண்ட் போனபோது தம்பி நேரமாக்கிவிட்டார். அக்கா என்ன செய்தாள்? தம்பியாவது கும்பியாவது என்று, மார்க்கெட் பக்கம் இருந்த போட்டிக் கடைக்காரனைக் கூப்பிட்டுச் சிலிண்டர் வாங்கிவிட்டாள். இவர் சிலிண்டரோடு போய் நின்றால் அங்கே ஏற்கெனவே ஒன்று நிற்கிறது.

“நான்தான் கிளம்பிட்டேன்னு சொன்னேன்ல அக்கா?”

“நீ சொன்ன. உன் பின்னாடி டிவி ஓடுச்சு.”

ரோஷம் வந்துவிட்டது இவருக்கு. ரெண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அவள் கண்டுகொள்ளவே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் வியாபாரிகள் சங்கத்தில் சிறு கடைகளுக்கான டிஜிட்டல் பயிற்சி என்று ஒன்று ஆரம்பித்தார்கள். இனிமேல் போனில் கடை இல்லாதவனுக்குத் தெருவிலும் கடை இருக்காது என்று பயமுறுத்தினார்கள். பயந்ததில் தப்பில்லை. தெருவில் ஒவ்வொரு கடையாக ஷட்டர் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. இவருடைய மகள் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தாள். அவள் போய் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்து, சாமான்களைப் படம் எடுத்து ஒரு ஆப்பில் ஏற்றினாள். சொன்னால் நம்ப மாட்டீர்கள், முதல் மாதமே பேர் தெரியாத ஊர்களிலிருந்து ஆர்டர் வந்தது. ஒரு வேன் வாங்கி டிரைவரும் வைத்தார்கள்.

ஆனால் அந்த ஆப்புக்கு ஒரு கெட்ட குணம் இருந்தது. மெசேஜ் வந்ததும் பதில் சொல்கிற கடையை மேலே காட்டும். தாமதிக்கிற கடையைக் கீழே தள்ளும். மனுஷன் சாப்பிட வேண்டாமா, கால் கழுவ வேண்டாமா? அதெல்லாம் அதற்குக் கவலையில்லை. மகள் யோசித்துவிட்டு, மெசேஜ் வந்ததும் தானாகவே ஒரு பதில் போகிற மாதிரி வைத்துவிடலாம் என்றாள்.

“என்ன பதில்ப்பா போடறது?”

“நான் எப்பவும் சொல்றதுதான். கிளம்பியாச்சு, இருபது நிமிஷத்துல வந்துடும்னு போடு.”

“எல்லாருக்குமா? வேன் இல்லாதப்பவும் போகும்ப்பா.”

“போனா என்ன? யாரு கடிகாரத்தைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்காங்க? அவங்க மனசு ஆறட்டும், நாம பின்னாடியே போய்ச் சேர்ந்துடலாம்.”

மகள் படித்த பெண். அப்பா சொன்ன கொச்சையை அப்படியே போடுவாளா? அழகாகத் திருத்தினாள். ‘வணக்கம். உங்கள் ஆர்டருக்கான வாகனம் கிளம்பிவிட்டது. இருபது நிமிடங்களில் உங்களிடம் இருக்கும்.’ பக்கத்தில் ஒரு பச்சை நிறச் சரிக்குறி. பார்த்த இவருக்கே பெருமையாகிவிட்டது. அரசாங்க உத்தரவு மாதிரி இருக்கிறதே என்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினார். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளையாவது கத்தினதோடு விட்டது. இவர் தன் கத்தலுக்குச் சட்டை போட்டு, தலை சீவி, உத்தியோகத்துக்கே அனுப்பிவிட்டார்.

கடை மளமளவென்று மேலே வந்தது. கட்டிலும் சக்கர நாற்காலியும் கேட்டவர்கள் கொஞ்சம் தாமதமானால் முணுமுணுத்துவிட்டு விட்டுவிட்டார்கள். வீட்டில் மட்டும் ஒரு சிக்கல். அக்கா பழையபடி இவரையே போனில் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். வாயால் வருகிற ஆர்டர் எதுவும் கணக்கில் சேரவில்லை என்று மகள் கத்தினாள். ஒரு நாள் இவரே அக்காள் போனை வாங்கிக் கடை நம்பரைப் பதிந்து கொடுத்தார்.

“இனிமே எனக்குப் போன் போடாதக்கா. இதுல மெசேஜ் போடு. நான் எங்க இருந்தாலும் உடனே பதில் வரும்.”

“நீயா பதில் சொல்லுவ?”

“கடை சொல்லும்.”

“கடை சொன்னா சரி” என்றாள் அக்கா. “உன்னைத்தான் நம்ப முடியாது.”

அத்தான் கட்டிலில் கிடந்தபடி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க வெகு நேரமானது.

அடுத்த மழைக்காலம் வருவதற்குள் சங்கத்துக்காரர்கள் இவரை மேடையேற்றிவிட்டார்கள். வளர்ந்த சிறு தொழில் என்று ஒரு கேடயம். கூட்டம் மத்தியானத்தில். புதுச் சட்டை போட்டுக்கொண்டு மனைவியோடும் மகளோடும் மண்டபத்துக்குப் போனார். டிரைவர் வெளியூருக்குக் கட்டில் இறக்கப் போயிருந்தான். கடை ஷட்டரை இறக்கியாகிவிட்டது. மெசேஜ் வந்தால் ஆப்பே பதில் சொல்லிக்கொள்ளும் என்றாள் மகள். மண்டபத்தில் எல்லோரும் போனைச் சத்தமில்லாமல் வைக்கச் சொன்னார்கள். இவரும் வைத்தார்.

மேடையில் இவர் வாய் ஓயாமல் பேசினார். மகள் முன்வரிசையில் நின்று வீடியோ எடுத்தாள். “நாங்க தூங்கினாலும் எங்க கடை தூங்காது” என்று இவர் சொன்னதும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அந்தக் கைதட்டல் இன்னமும் காதில் விழுகிறது என்று பின்னாளில் மனைவியிடம் சொல்லி அழுதிருக்கிறார்.

இறங்கி வந்து போனைப் பார்த்தால் அக்காளிடமிருந்து அழைப்புகள் வரிசையாக நின்றன. கடை நம்பரைத் திறந்தார். ‘கரண்டு போச்சு. இருக்கிற சிலிண்டர்ல முள்ளு சிவப்புக்கு வந்துடுச்சு. வேற சிலிண்டர் அனுப்பு.’ அதற்குக் கீழே பச்சைச் சரிக்குறியோடு பதில். ‘இன்னும் வரலையே.’ அதற்கும் அதே பதில், அதே இருபது நிமிடங்கள். ‘எங்க வருது வண்டி?’ அதற்கும் அதே. கேட்கக் கேட்க அது வணக்கம் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது, பாழாய்ப்போனது!

கேடயத்தை மனைவி கையில் திணித்துவிட்டு ஆட்டோ பிடித்துக் கடைக்கு ஓடினார். ஷட்டரைத் தூக்கினால் உள்ளே நிரப்பின சிலிண்டர்கள் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தன. ஒன்றைத் தூக்கி ஆட்டோவில் போட்டார். அக்கா வீட்டுச் சந்துக்குள் ஆட்டோ நுழையாது. முனையில் இறங்கி, சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடினார். புதுச் சட்டையில் துரு அப்பியது.

வாசலில் பக்கத்து வீட்டு அம்மாள் நின்றிருந்தாள். இவரையும் தோளிலிருந்த சிலிண்டரையும் பார்த்தவள் ஒதுங்கி வழிவிட்டாள்.

உள்ளே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. கரண்ட் திரும்பி வந்திருந்தது. மெஷின் தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்க, மூக்கில் மாட்டுகிற குழாய் தரையில் கிடந்து உஸ்ஸென்று காற்று விட்டுக்கொண்டிருந்தது. அக்கா அத்தானின் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவர் வாய் லேசாகத் திறந்திருந்தது.

“அத்தான்” என்று கூப்பிட்டார். பிறகு, “அக்கா” என்றார். சிலிண்டரை எங்கே வைப்பதென்று தெரியாமல் அப்படியே நின்றார்.

பக்கத்து வீட்டு அம்மாள்தான் பிறகு கொல்லைப்பக்கம் வைத்து இவரிடம் மெதுவாகச் சொன்னாள். “நான் அப்பவே சொன்னேன் தம்பி. நாற்காலில உக்கார வெச்சு ஆளுக்கொரு பக்கம் தூக்கிட்டுப் போய் சந்து முனையில ஆட்டோ ஏத்திடலாம், ஆஸ்பத்திரி பக்கத்துலதான்னு சொன்னேன். அக்காதான் கேக்கல. வண்டி கிளம்பிடுச்சு, இந்த நேரத்துல அவரை அசைச்சா மூச்சு இன்னும் வாங்கும்னு போனைக் காட்டிச்சு. நானும் படிச்சுப் பார்த்தேன். அவ்வளவு தெளிவா எழுதியிருந்துச்சு.”

துக்கம் கேட்க ஆட்கள் வந்தார்கள். வாடகை நாற்காலிகள் சந்து முழுக்க நின்றன. எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று ஒவ்வொருவரும் கேட்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? கடைக்காரர் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு, அக்கா வாயிலிருந்து வரப்போகிற வார்த்தைக்காக நின்றார்.

“தம்பி உடனே அனுப்பிட்டான்” என்றாள் அக்கா. “வண்டி பாதி வழி வந்துடுச்சு. அதுக்குள்ள இவருக்கு முடிஞ்சுபோச்சு. யாரு என்ன பண்ண முடியும்?”

வந்தவர் ஒவ்வொருவரிடமும் வார்த்தை மாறாமல் இதையே சொன்னாள். முதல் தடவை கேட்டபோது இவருக்கு நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது உண்மை. இறங்கியதே என்று அடுத்த கணம் தன்னைத்தானே செருப்பால் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

சங்கச் செயலாளரும் வந்தார். அக்காளின் போனை வாங்கி, பச்சைக்குறி போட்ட பதிலைப் படித்து உச்சுக் கொட்டினார். “பாருங்க, மேடையில நின்னுக்கிட்டிருந்த மனுஷன் அனுப்பிட்டாரு. இதுக்கு மேல ஒருத்தர் என்ன செய்ய முடியும்?” அந்தத் திரையைப் படம் பிடித்துச் சங்கத்துக் குழுவில் போட்டார். சொந்தத் துக்கத்திலும் தவறாத சேவை என்று மேலே ஒரு வரி. அது அங்கிருந்து எங்கெங்கோ போனது.

மகளுக்குத் தெரியாமல் இருக்குமா? டிரைவர் எங்கே இருந்தான் என்பது அவள் போனிலேயே இருந்தது. அன்றைக்கே தானியங்கிப் பதிலை நிறுத்திவிட்டாள். “நான் டைப் பண்ணினதுப்பா” என்று மட்டும் சொன்னாள். “நான் சொல்லித்தானேம்மா போட்ட” என்றார் இவர். அவள் நல்ல வேலை கிடைத்தும் போகாமல் அப்பாவின் கடையிலேயே உட்கார்ந்து, வருகிற ஒவ்வொரு மெசேஜுக்கும் தன் கையால் பதில் போட்டாள். சாப்பிடும்போதும் போன் தட்டுக்குப் பக்கத்திலேயே இருந்தது.

பதில் தாமதமானதில் கடை கீழே போயிருக்க வேண்டும். போகவில்லை. செயலாளர் போட்ட படத்தைப் பார்த்தவர்கள் இவரையே தேடி வந்தார்கள். ‘சொந்த அக்கா வீட்டுக்காரர் செத்தப்பகூடச் சரியா அனுப்பினவர்’ என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு வேன் வாங்க வேண்டியதாயிற்று. “வர்ற லட்சுமியை வேண்டாங்கறீங்களா?” என்றாள் மனைவி. வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே என்று அவளும் பார்க்க வேண்டாமா? இவர் சரியென்று தலையை ஆட்டினார். ராத்தூக்கம் போய், பகலில் கடையிலேயே தலை தொங்கியது. ஒரு நாள் தாங்க முடியாமல் எழுந்து அக்கா வீட்டுக்குப் போனார்.

அக்கா முன்னறையில் உட்கார்ந்து அத்தான் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள். இவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

“அக்கா, அன்னைக்கு வண்டி கிளம்பவே இல்ல.”

“தெரியும்.”

“தெரியுமா?”

“வண்டி வந்திருந்தா டிரைவர்தானே வந்திருப்பான்? நீ தோள்ல தூக்கிட்டு வந்து நின்னப்பவே தெரியும்.”

“அப்புறம் ஏன்க்கா எல்லார்கிட்டயும் அப்படிச் சொன்ன? நான் போய் உண்மையைச் சொல்லிடறேன். சங்கத்துல சொல்றேன், கடை போனா போகட்டும்.”

“சொல்லி? உன் பொண்ணை ஊரே காட்டிக் காட்டிப் பேசணுமா? அவளுக்கு நாளைக்கு ஒரு வாழ்க்கை வேண்டாமா?” கையிலிருந்த சட்டையின் காலரைத் தடவிவிட்டாள். “நீ வாயால சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்டா. மார்க்கெட் கடைக்காரனைக் கூப்பிட்டிருப்பேன். எழுத்துல வந்துச்சு, வணக்கம்லாம் போட்டு. கடை பொய் சொல்லுமான்னு இருந்துட்டேன்.”

இவர் தலை கவிழ்ந்து அழுதார். அவள் அவரைப் பார்க்கவில்லை.

“மூச்சு வாங்குறப்ப, ‘மச்சான் கிளம்பிட்டானா’ன்னு கேட்டார். சட்டைகூட போட்டிருக்க மாட்டான்னு எப்பவும் கேலி பண்ணுவாரே, அதுக்குத்தான் கேட்டார். நான் போனைக் காட்டினேன். படிச்சார். ‘அப்ப சரி’ன்னார். சொல்லிட்டு என் கையைப் பிடிச்சிருந்தாரே, அதை விட்டுட்டார். இனிமே பயமில்லேன்னு.”

“அடிச்சுடு அக்கா என்னை. திட்டு.”

“திட்டி என்னடா ஆகப்போகுது?” மடித்த சட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். “உனக்கு வரணும்னு தோணுச்சுன்னா வா. தோணலையா, வராதே. நான் ஒண்ணும் நினைக்க மாட்டேன். வரேன்னு மட்டும் என்கிட்ட சொல்லாதே. என்னால அந்த வார்த்தையைக் கேக்க முடியல.”

வெகு நேரம் கழித்து எழுந்தார். வாசல்படியில் செருப்பை மாட்டிக்கொண்டு, வழக்கம்போல அவள் பக்கம் திரும்பி, “போயிட்டு...” என்று ஆரம்பித்தவர் அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியாமல் நின்றார். போகிறேன் என்று சொல்லிவிட்டு யாரும் ஒரு வீட்டை விட்டுக் கிளம்புவதில்லை. அக்கா சட்டைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். இவர் ஒன்றும் சொல்லாமல் சந்தில் இறங்கி நடந்தார்.